பாட்டுக்கும் உண்டு ஓட்டு!

(மூன்றாமாண்டு மாணவி, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலர் என்றால் 'இளைஞனே எழு', 'நேரம் பொன் போன்றது', 'நாளைய பாரதம் நம் கையில்' என்று தலைப்பு வைத்து எழுதுவது வழக்கம். அதையெல்லாம் நம் நண்பர்கள் வேறு பக்கங்களில் நன்றாகவே எழுதியிருப்பார்கள். நான் எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் சின்னது. பாட்டு! அதிலும், ரேடியோ நேயர்கள் ஓட்டுப் போட்டுப் பாட்டுகளை வரிசைப்படுத்துகிற விஷயம். "இதுல என்னம்மா இருக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கடைசியில் நம் மாணவர் மன்றத்துக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது.

முதலில் ஒரு பழைய கதை.

1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தவர் பி.வி.கேஸ்கர். சினிமாப் பாட்டு என்றாலே அவருக்கு ஆகாது. ஆகாசவாணியில் சினிமாப் பாட்டு அநேகமாக இல்லாமலே போனது. ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? குமிழைத் திருகினார்கள். கொழும்பு கிடைத்தது! ரேடியோ சிலோனின் சிற்றலை இந்தியா முழுக்கக் கேட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் அங்கே 'பினாகா கீத்மாலா' என்று ஒரு இந்திப் பாட்டு நிகழ்ச்சி தொடங்கியது. பினாகா என்பது ஒரு பற்பசையின் பெயர். நடத்தியவர் அமீன் சயானி. அப்போது அவருக்கு இருபது வயது கூட நிரம்பவில்லை. நம்ம வயசுதாங்க! பம்பாயில் நிகழ்ச்சியைப் பதிவு செய்து கொழும்புக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து புதன்கிழமை இரவுதோறும் ஒலிபரப்பாகும்.

ஆரம்பத்தில் அது ஒரு போட்டி. ஏழு பாட்டுகளைக் கலைத்துப் போட்டு ஒலிபரப்புவார்கள். எது அதிகம் புகழ் பெற்றதோ அந்த வரிசையில் அடுக்கி நேயர்கள் கடிதம் போட வேண்டும். சரியாக அடுக்கினால் பரிசு நூறு ரூபாய். ஐம்பது கடிதம் வந்தாலே பெரிது என்று நினைத்தார்களாம். முதல் நிகழ்ச்சிக்கு வந்தது ஒன்பதாயிரம்! போகப் போக வாரத்துக்கு அறுபத்தைந்தாயிரம் வரை ஏறிவிட்டது. பிரித்துப் படிக்கவே ஆள் பற்றவில்லை. அதனால் 1954-ல் போட்டியை விட்டுவிட்டு, பாட்டுகளைத் தாங்களே வரிசைப்படுத்திக் கீழிருந்து மேலாக ஒலிபரப்பும் முறைக்கு மாறினார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் 'பாய்தான்' என்று பெயர். படி என்று அர்த்தம். இந்தப் பாட்டு இரண்டு படி ஏறியது, அந்தப் பாட்டு ஒரு படி இறங்கியது என்று சயானி சொல்வதைக் கேட்க ஊரே காத்திருக்கும். ஆண்டு முடிவில் அந்த வருஷத்துப் பாட்டுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெரிய வரிசை வரும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. வரிசையை எதை வைத்துப் போட்டார்கள்? முதலில் இசைத்தட்டு விற்பனையை வைத்து. ஆனால் கடையில் இசைத்தட்டு தீர்ந்துபோனால் விற்பனை நின்றுவிடும். பாட்டின் மேல் உள்ள ஆசை நிற்குமா? அதனால் ஊருக்கு ஊர் இருந்த நேயர் சங்கங்களின் ஓட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். அதே பாட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்துகொண்டு புதுசுக்கு வழி விடாமல் இருந்தால்? குறிப்பிட்ட வாரங்கள் ஓடிய பாட்டுக்கு மரியாதை செய்து விடை கொடுத்து அனுப்புவதற்கும் ஒரு விதி வைத்தார்கள். ஒரு பாட்டு வரிசைக்குப் பின்னால் இவ்வளவு சட்டதிட்டம் இருக்கிறது பாருங்கள்! 1989-ல் விவித் பாரதிக்கு மாறி, தொண்ணூறுகளின் நடுவில்தான் அந்த நிகழ்ச்சி நின்றது. சயானி 2024 பிப்ரவரியில் காலமானார்.

நம் பக்கத்துக் கதையும் அதே கொழும்பில்தான் இருக்கிறது. மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீது என்று பேர் சொன்னால் எங்கள் பனமரத்துப்பட்டியில் அறுபது தாண்டிய பெரியவர்கள் முகத்தில் இன்றைக்கும் ஒரு வெளிச்சம் வரும். 'நேயர் விருப்பம்' என்று ஒரு பாட்டுக்கு முன்னால் வரிசையாகப் பெயர்களும் ஊர்களும் வாசிப்பார்களே, அது என்ன? அதுவும் ஒரு வகை ஓட்டுதான். ஒரு கார்டு வாங்கி, பாட்டின் பெயரை எழுதி, தபால்பெட்டியில் போட்டவன் ஒரு ரசிகன் மட்டுமல்ல, வாக்காளன்!

டிரான்ஸ்மிட்டர் போட்ட தொகுதி

நாம் படிக்கிற பாடத்தோடு இதைக் கொஞ்சம் சேர்த்துப் பார்க்கலாம். சட்டசபைத் தேர்தலுக்குத் தொகுதி எல்லையைக் கமிஷன் வகுக்கிறது. பாட்டுத் தேர்தலுக்குத் தொகுதி வகுப்பது யார்? டிரான்ஸ்மிட்டர்!

சிற்றலை மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டு மறுபடி பூமிக்குத் திரும்பி வரும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். அதனால் கொழும்பின் ஓட்டுத் தொகுதி இந்தியா முழுக்க விரிந்தது. பண்பலை அப்படியில்லை. கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். எதிரே மலை நின்றால் நிழல் விழுந்த மாதிரி சிக்னல் மங்கிவிடும். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஜருகுமலை, சேலத்துக்கு வடக்கே சேர்வராயன் மலை என்று சுற்றிலும் மலை இருக்கிற பூமி இது. இங்கே பண்பலையின் தொகுதி ஒரு நகரமும் அதன் அக்கம்பக்கமும்தான். இன்டர்நெட் வந்த பிறகு தொகுதிக்கு எல்லையே கிடையாது. இன்டர்நெட் இணைப்பு இருக்கிற எவரும் வாக்காளர்.

ஆக, 'நேயர்கள் தேர்ந்தெடுத்த முதல் பாட்டு' என்று யாராவது சொன்னால், நம்மைப் போன்ற டெக்னிக்கல் மாணவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எந்த நேயர்கள்?' என்பதுதான்.

உலகத்தில் நாலாவது இடம்!

இந்தக் கேள்விக்கு நம் தமிழே ஒரு நல்ல உதாரணம். 2002-ல் பி.பி.சி. உலக சேவை தன் எழுபதாம் ஆண்டை ஒட்டி, உலகத்தின் பிரியமான பாட்டு எது என்று நேயர்களிடம் ஓட்டுக் கேட்டது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். முடிவு வந்தது. முதலிடம் ஐரிஷ் குழுவான உல்ஃப் டோன்ஸ் பாடிய ஒரு தேசபக்திப் பாட்டு. இரண்டாவது 1952-ல் வந்த 'ஆனந்த மடம்' இந்திப் படத்தின் வந்தே மாதரம். மூன்றாவது ஒரு பாகிஸ்தான் பாட்டு. நாலாவது, இளையராஜா இசையில் 1991 தீபாவளிக்கு வந்த 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு'! ஐந்தாவதும் தமிழ்தான். சினிமாப் பாட்டே அல்ல. ஈழத்துப் பாடகர் திருமலைச் சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. ஏ.ஆர்.ரஹ்மானின் 'சைய்ய சைய்யா' ஒன்பதாவது. குயீன் குழுவின் புகழ்பெற்ற 'பொஹீமியன் ராப்ஸடி' பத்தாவது இடத்தில்தான் வந்தது.

இதை நம்மவர்கள் மேடைக்கு மேடை 'உலகத்திலேயே நாலாவது சிறந்த பாட்டு' என்று சொல்லிக்கொண்டு வருகிறோம். நானும் ராஜா ரசிகைதான். ஆனாலும் அது சரியல்ல என்பேன். எட்டுத் திக்கிலும் உள்ள மனிதர்கள் எல்லாப் பாட்டையும் கேட்டுவிட்டு மதிப்பெண் போடவில்லை. ஐரிஷ்காரர்கள் ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் அனுப்பி ஓட்டுச் சேர்த்தார்கள். இந்தியரும் பாகிஸ்தானியரும் தமிழரும் நேபாளியும் தங்கள் தங்கள் பாட்டுக்குப் போட்டார்கள். ஓட்டுப் போட வந்தவர்களின் கணக்குதான் அது.

அப்படியென்றால் பெருமை இல்லையா? இருக்கிறது. வேறொரு பெருமை. 1941-ல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையை 2017-ல் வானொலி ஒலிபரப்பு நிற்கும் வரை காது கொடுத்துக் கேட்ட ஒரு சனம் நமக்கு இருந்தது. போர் நடந்த மண்ணிலும் அகதியாய்ப் போன நாட்டிலும் இருந்தவர்கள், 'எங்களுக்கும் ஒரு பாட்டு இருக்கிறது' என்று ஓட்டுப் போட்டுச் சொன்னார்கள். நாலாவது இடத்தைவிட இந்தச் செய்தி பெரிசு என்பது என் கருத்து.

நூறு பாட்டும் ஒரு கோழிக்கடையும்

ஆஸ்திரேலியாவில் 'டிரிபிள் ஜே' என்று ஒரு அரசு வானொலி. 1989 முதல் அங்கே 'ஹாட்டஸ்ட் ஹண்ட்ரட்' என்று நேயர் ஓட்டு நடக்கிறது. தொடக்கத்தில் எந்தக் காலத்துப் பாட்டுக்கும் ஓட்டுப் போடலாம். விளைவு? முதல் இரண்டு வருஷமும் ஒரே பாட்டு முதலிடம். பிறகு 1993 முதல் அந்தந்த வருஷத்துப் பாட்டுக்குத்தான் ஓட்டு என்று விதியை மாற்றினார்கள். ஒருவர் பத்துப் பாட்டைத் தேர்ந்தெடுக்கலாம். நூறிலிருந்து ஒன்று வரை நாள் முழுக்க ஒலிபரப்புவார்கள். 2017-ம் ஆண்டின் பாட்டுகளுக்கு இருபது லட்சத்துக்கும் மேல் ஓட்டு விழுந்தது.

அங்கேயும் கலாட்டா உண்டு. 2015 ஜனவரியில், டெய்லர் ஸ்விஃப்ட் பாடிய ஒரு பாட்டை எப்படியாவது நுழைத்துவிட வேண்டும் என்று இன்டர்நெட்டில் ஒரு பிரசாரம் கிளம்பியது. அந்த வானொலி அப்போது அவர் பாட்டையே போட்டதில்லை! ஒரு கோழிக்கறிக் கடைக் கம்பெனி வேறு அந்தப் பிரசாரத்தை வைத்து விளம்பரம் தேடிக்கொண்டது. கடைசியில் நிலையம் அந்தப் பாட்டைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டது. சரியா, தப்பா? இன்றைக்கும் வாதம் நடக்கிறது. ஓட்டுப் போடச் சொல்லிவிட்டு, விழுந்த ஓட்டைச் செல்லாது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் விளம்பரக் கம்பெனி உள்ளே வந்த பிறகு அது ரசிகர் ஓட்டா, கம்பெனி ஓட்டா என்பதும் நியாயமான கேள்விதான்.

இன்னொரு வேடிக்கையும் நம் மாதிரி மாணவர்களுக்குப் பிடிக்கும். 2012-ம் ஆண்டின் பாட்டுகளுக்கு ஓட்டுப் போட்ட பலர், தாங்கள் போட்ட ஓட்டை சமூக ஊடகத்தில் பகிர்ந்திருந்தார்கள். சில கம்ப்யூட்டர் ஆசாமிகள் அதைத் திரட்டினார்கள். மொத்த ஓட்டில் அது மூன்று சதவீதம் அளவுக்குத்தான். அதை வைத்தே முதல் மூன்று இடங்களையும் வரிசை மாறாமல் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நூறில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பாட்டுகளின் பெயரும் சரி! ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதே கணக்குதான். ஆனால் ஒன்று. பானை முழுக்கச் சரியாகக் கிளறிவிட்டிருந்தால்தான் அந்த ஒரு சோறு உண்மை பேசும்.

ஓட்டுப் போடாத ரசிகை

சரி, கிளறப்படாத சோறு எது? எங்க அம்மாவைச் சொல்கிறேன்.

பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளிப்பூ விவசாயம் பிரபலம் என்பது உங்களுக்குத் தெரியும். விடியறதுக்கு முன்னாலேயே மொட்டுப் பறிக்கப் போக வேண்டும். நேரம் தப்பினால் பூ விரிந்துவிடும், விலை விழுந்துவிடும். அம்மா இடுப்பில் செருகியிருக்கிற பட்டன் செல்லில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். பி.சுசீலா, வாணி ஜெயராம், ஸ்வர்ணலதா என்று குரலை வைத்தே பேர் சொல்லும். எந்தப் பாட்டுக்கு எந்த இடத்தில் புல்லாங்குழல் வரும் என்பது வரைக்கும் அத்துப்படி. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு கார்டு போட்டதில்லை, ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பியதில்லை, ஒரு 'லைக்' போட்டதில்லை. "கேக்கறதுக்கு எதுக்குடி ஓட்டு?" என்று கேட்கும்.

எந்த வரிசையிலும் எங்க அம்மா இல்லை. ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் பாட்டுக் கேட்கிற மனுசிக்கு எண்ணிக்கையில் இடம் பூஜ்யம்! பாட்டு வரிசை எல்லாம் பாட்டின் ஆழத்தை அளப்பதில்லை, சத்தத்தை அளக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்றைக்கு ஆப்களில் ஓட்டே வேண்டாம், எத்தனை தடவை கேட்கிறார்கள் என்று அதுவே எண்ணிக்கொள்கிறது, அது நியாயம்தானே என்று எங்கள் வகுப்பில் சிலர் வாதாடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு ரசிகர் கூட்டம் ராத்திரி பூரா ஒரே பாட்டை ஓடவிட்டால் எண்ணிக்கை ஏறாதா? அது போகட்டும். ஓட்டு என்பது நானாக யோசித்து, 'இதுதான் என் பாட்டு' என்று சொல்வது. எண்ணப்படுவது என்பது எனக்கே தெரியாமல் என்னைக் கணக்கில் எடுப்பது. கார்டு போட்டவனுக்குக் கார்டின் விலை, கை வலி, காத்திருப்பு எல்லாம் இருந்தது. அதனால்தான் அந்த ஓட்டுக்கு ஒரு கனம் இருந்தது.

நம் கல்லூரிக்கு வருவோம்

இவ்வளவும் எதற்குச் சொன்னேன் என்றால், நம் கல்லூரி நாள் விழாவுக்காகத்தான். விழாவில் மேடைக்கு எந்தெந்தப் பாட்டு என்று முடிவு செய்யும் முறை உங்களுக்குத் தெரியாததா? ஆடிட்டோரியத்தில் எல்லாரையும் உட்கார வைத்துப் பாட்டின் பெயரைச் சொல்வது. கையைத் தூக்கு, விசிலடி! எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அதுதான் பாட்டு. மெக்கானிக்கல் அண்ணன்மார் மூன்று வருஷமும் சேர்ந்து ஒரு படையே இருக்கிறார்கள். (கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா, உண்மைதானே!) நாங்கள் பெண்கள் எல்லாத் துறையையும் சேர்த்தாலும் நாலு வரிசை பெஞ்சுக்குத்தான் வருவோம். போன வருஷம் எங்கள் பிள்ளைகள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த ஒரு மெல்லிசைப் பாட்டு இப்படித்தான் விசிலில் அடிபட்டுப் போனது. பாடவிருந்த பெண் இந்த வருஷம் மேடைப் பக்கமே வரமாட்டேன் என்கிறாள். நல்ல குரல். இழப்பு அவளுக்கு மட்டுமா?

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நூறு பேர். நாற்பது பேருக்குப் பிடித்தது 'அ' என்ற குத்துப் பாட்டு. இருபத்தைந்து பேருக்கு 'ஆ'. இருபது பேருக்கு 'இ'. பதினைந்து பேருக்கு 'ஈ'. கை தூக்கச் சொன்னால் 'அ' ஜெயித்தது. அறுபது பேர் வேறு பாட்டைக் கேட்டார்கள் என்பது மறந்தே போகும்.

இப்போது ஆளுக்கு மூன்று பாட்டு எழுதச் சொல்லுங்கள். முதல் பாட்டுக்கு 3 மார்க், இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1. நூறு பேரும் இரண்டாவதாக 'உ' என்ற ஒரு மெலடியை எழுதினார்கள் என்று வையுங்கள். யாருக்கும் அது முதல் பாட்டு இல்லை, ஆனால் எல்லாருக்கும் பிடிக்கும். 'உ' வாங்கியது 200. 'அ' வாங்கியது 120. மீதி அறுபது பேரும் 'அ'-வை மூன்றாவதாக எழுதினால்கூட 180 தான். கை தூக்கலில் ஒரு கைகூட விழாத பாட்டு, மார்க் முறையில் முதலிடம்! இந்த முறையை 1770-லேயே போர்தா என்ற பிரெஞ்சுக்காரர் அங்கத்து விஞ்ஞானக் கழகத்தில் சொல்லிவிட்டார். அவர் யார் தெரியுமா? கடற்படை என்ஜினீயர். நம்ம ஜாதி!

இதிலும் தில்லுமுல்லு பண்ண முடியும் என்பது எனக்குத் தெரியும். நாற்பது பேரும் பேசி வைத்துக்கொண்டு 'உ'-வை எழுதாமலே விட்டால் 'உ' 120-க்கு இறங்கிவிடும். ஓட்டையே இல்லாத தேர்தல் முறை எதுவும் கிடையாது. அதற்காகத்தான் சீட்டு ரகசியமாக இருக்க வேண்டும், பக்கத்தில் சீனியர் நிற்கக் கூடாது என்கிறேன்.

"பாட்டுக்குப் போய் இவ்வளவு சட்டமா? ஜாலியா விடுங்கப்பா" என்பார்கள். ஜாலி யாருக்கு என்பதுதான் என் கேள்வி. ஜெயித்தவருக்கு எப்போதும் ஜாலிதான். பாட்டில் நியாயமாக ஓட்டு எண்ணப் பழகாதவர்கள், நாளை பட்டறையில், சங்கத்தில், பஞ்சாயத்தில் மட்டும் எண்ணிவிடுவார்களா?

ஆகவே மாணவர் மன்றத்துக்கு என் கோரிக்கை நான்கு:

1. அடுத்த கல்லூரி நாள் விழாப் பாட்டுகளுக்குக் கைதூக்கல் வேண்டாம். சீட்டு ஓட்டு வேண்டும்.

2. ஆளுக்கு மூன்று பாட்டு, 3-2-1 மார்க். ஒருவரே மூன்று இடத்திலும் ஒரே பாட்டை எழுதினால் சீட்டு செல்லாது.

3. பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள், பார்ட் டைம் வேலைக்குப் போகிறவர்களும் போட வசதியாக ஓட்டுப் பெட்டி லைப்ரரியில் மூன்று நாள் இருக்கட்டும். அலுவலக உதவியாளர்கள், கேன்டீன் அக்காமார், தோட்டக்காரத் தாத்தா எல்லாருக்கும் ஓட்டு உண்டு. எழுத முடியாதவர்கள் சொல்லச் சொல்ல நாம் எழுதலாம்.

4. எண்ணிக்கை முழுவதையும் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். முதல் இடம் மட்டுமல்ல, கடைசி இடம் வரைக்கும். ஒரே ஒரு ஓட்டு வாங்கிய பாட்டும் யாரோ ஒருவருடைய பாட்டுதான்.

எண்ணுகிற வேலைக்கு எங்கள் துறை தயார். மெக்கானிக்கல் அண்ணன்மாரும் கூட உட்கார்ந்து எண்ணட்டும், சந்தேகம் வேண்டாம். குத்துப் பாட்டே ஜெயித்தாலும் நாங்கள் முதல் வரிசையில் நின்று ஆடுவோம். எண்ணித் தோற்றால் வருத்தமில்லை. எண்ணாமல் தோற்பதுதான் வலி.

இந்தக் கோரிக்கை வரும் பொதுக்குழுவில் தீர்மானமாக வரப்போகிறது. நண்பர்களே, அன்றைக்கு மட்டும் தயவுசெய்து கையைத் தூக்குங்கள். பாட்டுக்காக நாம் கை தூக்குவது அதுவே கடைசித் தடவையாக இருக்கட்டும்!